பவுனு வந்துபோன வீடுகள்

உப்போடை வாசகர் வட்டம் இதுவரை வாங்கிச் சுற்றுக்கு விட்ட நாவல்களிலே, கதைக்குள்ளிருந்த பிள்ளை வாசலில் வந்து நின்று, கால் கழுவி, உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்தது 'மாற்றுத் துணி' என்கிற ஒரே ஒரு நாவலில்தான் என்றும், அதற்கு முன்னால் வந்த நாவல்களில் ராஜாக்களும் துப்பறிகிறவர்களும் காதலில் தோற்றவர்களும் எத்தனையோ பேர் இருந்தும் ஒருத்தராவது வெளியே வந்து ஒரு வாய்த் தண்ணீர் கேட்டதில்லை என்றும் அந்த ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள்.

உப்போடைக்குக் கிழக்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்பளம். வெயிலில் அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசிப்போய் ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது, கண்ணாடி போட்டவர்களுக்கு வாசிக்க ஏதாவது வேண்டியிருந்தது, வாசித்தவர்களுக்கு அதைப் பற்றிப் பேச ஆள் வேண்டியிருந்தது. இப்படியாகத்தான், கடைத்தெரு முக்கில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த சண்முகவடிவு வாசகர் வட்டத்தை ஆரம்பித்தாள். அவள் முன்கடையில் உட்கார்ந்து, சுவரில் மாட்டிய அட்டையின் எழுத்துகளைப் பெரியதிலிருந்து சின்னதுவரை வாசிக்கச் சொல்லிப் பவர் பார்ப்பாள்; பின்கட்டில் அவள் வீட்டுக்காரர் தாணு லென்ஸ் தேய்ப்பார். அவர்களுடைய ஒரே மகன் கல்யாணமாகி மஸ்கட்டில் இருந்தான்.

வட்டத்துக்கு ஒரு விதி இருந்தது. ஒரு நாவலுக்கு ஒரே ஒரு பிரதிதான் வாங்குவார்கள். அது ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு, ஒன்றுவிட்ட ஞாயிற்றுக்கிழமை தவறாமல், வரிசைப்படி போகும். ஆரம்பத்தில் இந்த விதி கிடையாது. அப்போது ஒரு நல்ல நாவல் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்ப் பரணில் பித்தளைப் பானைக்கு அடியில் மாட்டிக்கொண்டு, பிறகு கரையான் தின்ற மிச்சமாகத் திரும்பி வந்தது. அன்றைக்கு வடிவு எல்லாரையும் கூட்டி வைத்து, "புத்தகம் எந்த வீட்டிலயும் வேர் விடக் கூடாது" என்று சொன்னாள். சொன்னது அவளுக்கே பிடித்துப்போய், அதற்கப்புறம் ஒவ்வொரு கூட்டத்திலும் அதைச் சொன்னாள். எல்லா வீடும் சுற்றி முடித்ததும் கடை மாடியில் கூட்டம் போட்டு ஆளுக்கு ஆள் கருத்துச் சொல்வார்கள். கூட்டம் முடிந்ததும் அந்த நாவலை வேலாயுதபுரம் வட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் படித்து முடித்த ஒன்றை இவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

'மாற்றுத் துணி' பவுனு என்கிற பத்து வயதுப் பிள்ளையின் கதை. அவளுக்கு அப்பா கிடையாது. அம்மாவுக்கு மனசு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். குழந்தைகளைக் கவனிக்கிற ஆபீசிலிருந்து ஒரு ஆபீசரம்மா வந்து அவளை ஒரு வளர்ப்பு வீட்டில் விடுகிறாள். அந்த வீட்டார் நல்லவர்கள்தான், ஆனால் அவர்களுக்கு வேற்றூருக்கு மாற்றலாகிவிடுகிறது. அடுத்த வீட்டார் அதைவிட நல்லவர்கள், ஆனால் அந்த வீட்டில் சொந்தப் பிள்ளை பிறந்துவிடுகிறது. அதற்கடுத்த வீட்டில் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. இப்படி வீடு வீடாக அந்தப் பிள்ளை போகிறது, போகிற இடத்துக்கெல்லாம் ஒரு துணிப் பையில் ஒரே ஒரு மாற்றுத் துணியோடு போகிறது.

சுற்றில் புத்தகம் முதலில் மேரி புஷ்பம் டீச்சருக்கு வந்தது. அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்து, காப்பி போட்டுக் குடித்துவிட்டு, வாசலில் நாற்காலியைப் போட்டு முதல் அத்தியாயத்தை முடித்த நேரத்தில் கேட்டைத் திறந்துகொண்டு ஒரு பிள்ளை வந்து நின்றது. கையில் துணிப் பை. எண்ணெய் தேய்த்துச் சீவிய தலை.

"ஆபீசரம்மா அனுப்புனாங்க. இந்த வீடுதானே?" என்று கேட்டது.

டீச்சர் புத்தகத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், "இந்த வீடுதான். பைப்பு அந்தா இருக்கு, காலைக் கழுவிட்டு வா" என்றார். பிறகு வடிவுக்குப் போன் போட்டார்.

"வடிவக்கா, புத்தகத்தோட அந்தப் பிள்ளையும் வந்துட்டு. சாப்பிட என்ன குடுக்க?"

"புத்தகத்துல என்ன சாப்பிடுதா?"

"ரெண்டாம் அத்தியாயத்துல ரசஞ்சாதமும் அப்பளமும்னு போட்டிருக்கு."

"அப்ப ரசஞ்சாதத்தைக் குடு. நீ பாட்டுக்கு மீன் குழம்பு ஊத்தி வயித்துக்குச் சேராமப் போயிராம."

அவ்வளவுதான் அதைப் பற்றி நடந்த பேச்சு. கதையிலிருந்து பிள்ளை எப்படி வந்தது என்று உப்போடையில் யாரும் கேட்கவில்லை, வந்த பிள்ளையை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்றுதான் கேட்டார்கள். நகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியர் ஐந்தாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இடம் ஒதுக்கினார், டவுன் பஸ் கண்டக்டர் அரை டிக்கெட் போதும் என்றார், சலூன்காரர் பேன் பார்த்துவிட்டு இல்லை என்றார், மீன் விற்கிற பெண்கள் அவளைப் புத்தகப் பிள்ளை என்று கூப்பிட்டுப் பிறகு அதுவும் நீளமாக இருக்கிறது என்று பவுனு என்றே கூப்பிட்டார்கள். ஒன்றுவிட்ட ஞாயிறு வந்ததும் டீச்சர் புத்தகத்துக்குப் பழுப்புத் தாள் அட்டை போட்டு அடுத்த வீட்டில் கொடுத்தார். பவுனு தன் பையை எடுத்துக்கொண்டு புத்தகத்துக்குப் பின்னாலேயே நடந்து போனாள். புத்தகம் போகிற இடத்துக்கு அவள் போவாள் என்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் உறுதியாகத் தெரிந்தது.

அதற்கப்புறம் வட்டத்தில் சேர ஆட்கள் வந்தார்கள். கண் பரிசோதனைக்கு வந்து உட்கார்ந்தவர்கள் அட்டையின் கடைசி வரியை வாசித்துவிட்டு, எழுந்திருக்காமல், "வட்டத்துல எடம் இருக்கா வடிவு?" என்றார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பவுனு வருவதற்கு முன்னால் வீட்டை ஒதுங்க வைத்தார்கள், அவளுக்குப் பாவாடை சட்டை எடுத்தார்கள். அவள் போட்டுக்கொண்டு சந்தோஷமாகப் பள்ளிக்கூடம் போனாள். ஆனால் கதையில் அவளுக்கு ஒரே ஒரு மாற்றுத் துணிதான் என்பதால் போகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் புதுத் துணி அந்தந்த வீட்டுக் கொடியிலேயே தங்கிவிட்டது. ஐப்பசி மழைக்கு உப்பு மேடுகளை ஓலை போட்டு மூடுகிற காலத்தில் பார்த்தால், பிள்ளை இல்லாத வீட்டுக் கொடிகளிலும் பேரன் பேத்தி எடுத்த வீட்டுக் கொடிகளிலும் ஒரே அளவுள்ள சின்னப் பாவாடைகள் ஆடிக்கொண்டிருந்தன, யாரும் அவற்றை எடுத்து மடித்து வைக்கவுமில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை.

ரிட்டயர்ட் இன்ஜினியர் சங்கரலிங்கம் எதையும் வேகமாகப் படிப்பவர். அவர் நாவலை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, மீதி நாளெல்லாம் அதில் உள்ள குறைகளை யோசித்துக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் கண்ணாடியின் காது வளைவைச் சரிபண்ண வந்தவர், கூட வந்த பவுனு கடைப் படியில் உட்கார்ந்து அவருக்காகக் கடலை உரித்துக்கொண்டிருக்க, வடிவிடம் சொன்னார்:

"கதையெல்லாம் சரிதாம்மா. பாத்திரப் படைப்பு சரியில்ல. ஒரு பிள்ளை இத்தனை வீடு மாறுது, ஒரு இடத்துல கூட அழக் காணோம். இப்படி ஒரு பிள்ளை உண்டுமா? எழுதுனவருக்குப் பிள்ளைகளைப் பத்தித் தெரியல."

"மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி, காதுல விழும்" என்றாள் வடிவு.

"விழட்டுமே. நான் அவளையா சொல்லுதேன்? கதையைச் சொல்லுதேன்." பிறகு திரும்பி, "ஏட்டி பவுனு, நான் சொன்னது சரிதானே?" என்றார்.

"சரிதான் தாத்தா" என்று சொல்லிவிட்டு, அவள் உரித்த கடலையைத் தோல் ஊதி அவர் கையில் கொடுத்தாள்.

எல்லா வீட்டிலும் அவள் அப்படித்தான் இருந்தாள். வந்த உடனேயே தம்ளர் எங்கே, துடைப்பம் எங்கே, அந்த வீட்டில் பாயை உள்பக்கமாகச் சுருட்டுவார்களா வெளிப்பக்கமாகவா என்று பார்த்துவைத்துக்கொண்டாள். ஜமீலா வீட்டில் நோன்புக் கஞ்சிக்கு வெங்காயம் உரித்தாள், டீச்சர் வீட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குப் பசை காய்ச்சினாள். "சொன்னதைச் செய்யுதா, எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது" என்று ஊர் முழுக்க மெச்சினார்கள். தங்கள் சொந்தப் பிள்ளைகளைத் திட்டும்போது, "அந்தப் பிள்ளையைப் பாரு" என்றார்கள்.

ஜமீலா மருந்துக்கடை வைத்திருந்தவள். புருஷன் கப்பலில் வேலை. வடிவுக்கு முந்தின முறை அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை நெருங்கும்போது அவள் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வடிவிடம் வந்தாள்.

"அக்கா, இன்னும் கொஞ்ச நாள் வச்சிக்கிடட்டுமா? நான் பாதிதான் படிச்சிருக்கேன்."

"பாதியா? இத்தனை நாளா?"

"ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படிக்கேன்க்கா. அதுக்கு மேல படிக்க மனசு வரமாட்டேங்கு. நேத்துத்தான் தூக்கத்துல என் சேலை முந்தியைப் புடிச்சிக்கிட்டா. முழிச்சதும் விட்டுட்டா." ஜமீலா மேசையில் கிடந்த கண்ணாடிக் கூட்டைத் திறந்து திறந்து மூடினாள். "எடுத்து என்கிட்டயே வச்சிக்கிடுதேன்னு சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்க?"

வடிவுக்கு அந்த நேரத்தில் சரி என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. ஆனாலும் அவள் வட்டத்தைத் தொடங்கியவள். கல்யாண வீட்டுக்காரர்கள், பெரிய மனிதர்கள், நன்கொடை கொடுத்தவர்கள் என்று யார் வந்து கேட்டும் விதியைத் தளர்த்தாதவள் என்று பேரெடுத்தவள்.

"ஜமீலா, உனக்கு ஒரு நியாயம், மத்தவங்களுக்கு ஒரு நியாயமா? டீச்சர் குடுக்கலயா? இன்ஜினியர் குடுக்கலயா? புத்தகம் எந்த வீட்டிலயும் வேர் விடக் கூடாது."

"நான் புத்தகத்தைக் கேக்கலக்கா."

"ரெண்டும் ஒண்ணுதானே" என்றாள் வடிவு.

ஜமீலா அதற்கு மேல் கெஞ்சவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பவுனுவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனாள். ஜமீலா வீட்டில் கற்றுக்கொண்ட மாதிரி பாயை உள்பக்கமாகச் சுருட்டக் கையெடுத்த பவுனு, வடிவு வீட்டில் வெளிப்பக்கமாகச் சுருட்டுவார்கள் என்று கண்டதும் சத்தமில்லாமல் மாற்றிச் சுருட்டினாள்.

வடிவு வீட்டுக்கு அவள் வந்த பிறகு நடந்தது இதுதான் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வருவாள், கண்ணாடி துடைக்கிற துணியை அலசிக் காயப்போடுவாள், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பாள், பின்கட்டில் தாணு லென்ஸ் தேய்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, தேய்த்து முடித்ததை வெளிச்சத்தில் பிடித்து உப்பளத்தைத் தலைகீழாகப் பார்ப்பாள். ஆறு மாதத்துக்கு ஒரு வார்த்தை பேசுகிற தாணு அவளிடம் குழிலென்ஸ் குவிலென்ஸ் என்று வாய் ஓயாமல் பேசினார். அதைக் கேட்டுக்கொண்டே வடிவு முன்கடையில் உட்கார்ந்திருப்பாள். நாவலை அவளும் ஒரு நாளைக்கு ஒரு பக்கமாகத்தான் படித்தாள், ஆனால் தான் அப்படிப் படிப்பதை யாரிடமும் சொல்லவில்லை.

சுற்றில் அவள் வீடுதான் கடைசி. அடுத்தது கூட்டம், கூட்டம் முடிந்தால் வேலாயுதபுரம்.

"குடுத்துத்தான் ஆகணுமா?" என்று தாணு ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்.

"நானே குடுக்கலன்னா ஜமீலா மூஞ்சில எப்படி முழிக்கது? அவ அப்படிக் கேட்டும் முடியாதுன்னு சொன்னவ நான்."

"அவகிட்டப் போயி, தப்புச் சொல்லிட்டேன்னு சொல்லு."

"சொன்னா, அப்ப என்கிட்ட குடுன்னு சொல்லுவா."

"குடு. இங்கனதானே மருந்துக்கடை. தெரு முக்குல பாத்துக்கிடலாம்."

வடிவு அவருக்கு மோரை ஊற்றினாள். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது. ஆனாலும் இத்தனை வருஷம் எல்லாருக்கும் ஒன்றுபோல் சொன்ன ஒன்றைத் தனக்காக மாற்றினால் ஊர் என்ன சொல்லும் என்கிற எண்ணம், தொண்டையில் மாட்டிய முள் மாதிரி, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றது.

கூட்டத்தன்று காலையில் அவள் பவுனுவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் பின்னி முடித்து மறுபக்கம் எடுக்கும்போது, பவுனு முன்னால் பார்த்தபடியே கேட்டாள்:

"அத்தை, அடுத்த வீட்ல நாய் இருக்குமா?"

அந்த இடத்தில் வடிவு எத்தனையோ சொல்லியிருக்கலாம். அடுத்த வீடு எதற்கு என்று சொல்லியிருக்கலாம், சீப்பைக் கீழே போட்டுவிட்டு அந்தப் பிள்ளையை இழுத்து மடியில் வைத்திருக்கலாம், ஒன்றும் சொல்லாமல் அழுதிருந்தால்கூடப் போதும். அவளுக்கு வேலாயுதபுரம் வட்டத்துக்காரர்களை நன்றாகத் தெரியும். அதனால் கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னாள்.

"இல்லம்மா. அவங்க வீட்ல நாய் கிடையாது."

"சரி அத்தை" என்றாள் பவுனு. வடிவு பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள்.

கடை மாடியில் அன்றைக்கு உட்கார இடமில்லை. இத்தனை பேர் எந்த நாவலுக்கும் வந்ததில்லை. ஒவ்வொருத்தராக எழுந்து கருத்துச் சொன்னார்கள், பவுனு முன்வரிசையில் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, யார் பேசினாலும் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புஷ்பம் டீச்சர் பாதியிலேயே அழுதுவிட்டார். "அந்த நாலாவது வீட்டுக்காரிக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? சோறு போட்டு, தலை பின்னி, பக்கத்துல படுக்க வச்ச பிள்ளையை எப்படி ஆபீசரம்மா கையில புடிச்சிக் குடுத்தா? நானா இருந்தா உயிரை விட்டிருப்பேன்" என்றார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கல் மனசுக்காரர்கள் என்று ஒருத்தர் சொன்னார். இந்த மாதிரி வீடுகளை வைத்துக் கதை எழுதினால் படிக்கிறவர்களுக்கு மனித குலத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும் என்று இன்னொருத்தர் சொன்னார். இன்ஜினியர் பாத்திரப் படைப்பைப் பற்றித் தன் கருத்தை மறுபடி சொன்னார். வடிவு கடைசியாக எழுந்து, பவுனு தன் வீட்டில் இருந்த நாளெல்லாம் முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றும், அவளை இவ்வளவு நல்ல பிள்ளையாக எழுதியதுதான் நாவலின் பெருமை என்றும் சொன்னாள். ஜமீலா வந்திருந்தாள், பின்னால் கதவோரம் நின்றாள், பேசச் சொன்னதற்கு, "எனக்குக் கருத்து ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டாள்.

கடைசியில் இன்ஜினியர்தான் சிரித்துக்கொண்டே கேட்டார்: "நாமளே பேசிட்டிருக்கோமே. நீ சொல்லு பவுனு, உனக்கு எந்த வீடு புடிச்சிருந்துச்சு?"

பவுனு எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள். "எல்லா வீடும் நல்லா இருந்துச்சு. எல்லாரும் நல்லாப் பாத்துக்கிட்டாங்க" என்றாள்.

மாடி அதிரும்படி கை தட்டினார்கள். வடிவும் தட்டப் போனாள். நாவலில் ஒவ்வொரு வீட்டை விட்டுப் போகும்போதும் ஆபீசரம்மா கேட்க, பவுனு சொல்கிற பதில் அட்சரம் பிசகாமல் அதுதான் என்பது, உயர்த்திய கை உயர்த்தியபடியே இருக்க, அவளுக்கு நினைவு வந்தது. நாலாவது வீட்டிலும் அதைத்தான் சொன்னாள். அங்கேயும் அந்த வீட்டுக்காரி சந்தோஷப்பட்டாள்.

வேலாயுதபுரத்திலிருந்து வந்தவர் இமயமலைப் பயணத்தைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை நீட்டினார். வடிவு அதை வாங்கிக்கொண்டு 'மாற்றுத் துணி'யை அவர் கையில் கொடுத்தாள். யாரும் சொல்லாமலே பவுனு பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அதற்கப்புறம் உப்போடையில் கொஞ்ச நாள் எல்லாரும் உற்சாகமாகத்தான் இருந்தார்கள், நல்ல காரியம் ஒன்றை எல்லாரும் சேர்ந்து செய்து முடித்தது மாதிரி. பிறகு ஒவ்வொரு வீடாக ஏதோ குறைந்தது. டீச்சர் நாலாவது வீட்டுக்காரியைத் திட்டுவதை நிறுத்திவிட்டார். இமயமலைப் புத்தகம் சுற்றில் போனது, அதிலிருந்து பனிகூட வரவில்லை. ஜமீலா வட்டத்திலிருந்து நின்றுகொண்டாள். தலைவலி மாத்திரைக்குப் போனால் மாத்திரையைக் கொடுப்பாள், மீதிச் சில்லறையைக் கொடுப்பாள், அக்கா என்று கூப்பிட மாட்டாள்.

வடிவு டவுனுக்குப் போய் 'மாற்றுத் துணி'யில் இன்னொரு பிரதி வாங்கி வந்தாள். சாயங்காலம் வாசல் கதவைத் திறந்து போட்டு முதல் அத்தியாயத்தைச் சத்தமாகவே படித்தாள். தாணு தானாகவே ரசம் வைத்து, அப்பளம் சுட்டு, மூன்று தட்டு எடுத்து வைத்தார். யாரும் வரவில்லை. அச்சடித்தவர்கள் எத்தனை பிரதி வேண்டுமானாலும் அடித்திருக்கலாம், அந்தப் பிள்ளை ஒருத்திதான் என்று இருவருக்கும் விளங்கியது. தாணு அப்பளத்தை எடுத்து டப்பாவில் போட்டு மூடினார்.

கடைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. செவ்வாய்க்கிழமைதோறும் வடிவு பஸ் ஏறினாள். வேலாயுதபுரத்தில், "அருமையான நாவல்ங்க, எல்லாரும் படிச்சு அழுதாச்சு, அடுத்த ஊரு வட்டத்துக்குக் குடுத்தாச்சு" என்றார்கள். அடுத்த ஊரில், "நடுவுல கொஞ்சம் இழுவை, ஆனா உருக்கமா இருக்கு" என்று சொல்லி அதற்கடுத்த ஊரைக் காட்டினார்கள். போன ஊரிலெல்லாம் கொடியில் அந்த அளவுப் பாவாடைகள் ஆடின. போன ஊரிலெல்லாம் நாலாவது வீட்டுக்காரியைத் திட்டினார்கள். கடைசியில் ஒரு வீட்டில், வெள்ளையடிக்கும்போது சாமான்களை வெளியே எடுத்துப் போட்டதில் பழைய பேப்பரோடு அதுவும் போய்விட்டது என்று வருத்தப்பட்டுச் சொன்னார்கள். பழைய பேப்பர்க் கடைக்காரர் யோசித்துப் பார்த்து, மூட்டை தூக்குகிற மாடசாமி தடியாக ஒரு புத்தகம் வேண்டுமென்று கேட்டு எடுத்துப் போனதாகச் சொல்லி, விளாத்திகுளம் ரோட்டில் ஒரு வளவைக் காட்டினார்.

வடிவு அந்த வளவுக்குப் போனபோது மத்தியானம். ஒட்டி ஒட்டிக் கட்டிய ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு குழாய். மாடசாமியின் மனைவி முத்துப்பேச்சி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பவுனுன்னு ஒரு பிள்ளை இங்க இருக்கா?"

"இருக்கா. தண்ணி வந்து போகப் போகுது, குடத்தை எடுன்னு தொண்டத் தண்ணி வத்தக் கத்தியாச்சு. மகாராணி அந்தா துவைக்கிற கல்லுல உக்காந்திருக்கா பாருங்க. உங்களுக்கு உறவா?"

"தெரிஞ்ச பிள்ளை."

"நல்லாத் தெரிஞ்சிக்கிட்டீங்க. இவரு ஒருநாள் புத்தகத்தைத் தூக்கிட்டு வாராரு, பின்னாலேயே இது வருது. எங்க போகும், இருந்துட்டுப் போகட்டும்னு விட்டாச்சு. சோத்துக்குப் பஞ்சமில்ல, வாய்க்கும் பஞ்சமில்ல."

வடிவு துவைக்கிற கல்லுக்குப் போனாள். பவுனு முதுகைக் காட்டி உட்கார்ந்து காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். வளர்ந்திருந்தாள். இத்தனை வீட்டில் யார் கண்ணுக்கும் ஒரு விரற்கடைகூட வளராத பிள்ளை, பாவாடையின் கீழ் மடிப்பைப் பிரித்து விட்டும் கணுக்கால் தெரிகிற மாதிரி வளர்ந்திருந்தாள். திரும்பி வடிவைப் பார்த்தவுடன் அந்த முகத்திலிருந்த கோபம் துடைத்துவிட்டது போலப் போய்விட்டது. எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

"வாங்க அத்தை. சௌக்கியமா? மாமா சௌக்கியமா?"

"சௌக்கியம்மா. என்னட்டி கோவம்?"

"ஒண்ணுமில்ல அத்தை."

வடிவு கல்லின் விளிம்பில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ பேசிப் பார்த்து வைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டு நேரே கேட்டாள்.

"எங்கூட வாரியா பவுனு? இனிமே யார்கிட்டயும் குடுக்க மாட்டேன். நெசமாச் சொல்லுதேன்."

பவுனு வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். முத்துப்பேச்சி முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு வடிவைப் பார்த்து, "வாரேன் அத்தை" என்றாள். கொஞ்சம் யோசித்து, "உங்க வீடு நல்லா இருந்துச்சு" என்றாள்.

அந்தக் குரலை வடிவு கடை மாடியில் கேட்டிருந்தாள். வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுக்கும்போது எங்கேயும் கீறல் விழாமல் கொடுக்கிற குரல்.

"ஏட்டி! குடத்தை எடுக்கியா, இல்ல நான் எந்திரிச்சு வரவா?" என்று முத்துப்பேச்சி அங்கிருந்து கத்தினாள்.

"போ! முடியாது!" பவுனு கத்திய கத்தில் ஓட்டு மேல் இருந்த காக்கைகள் எழும்பின. "நேத்தும் நாந்தான் எடுத்தேன், முந்தாநேத்தும் நாந்தான் எடுத்தேன்! எப்பப் பாரு என்னையே ஏவுத! நீ போய் எடு!"

"வாயைக் கிழிச்சிருவேன்!"

"கிழி பாப்போம்!"

கத்தி முடித்துத் திரும்பியவள், வடிவு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் குரலைத் தணித்து, "மன்னிச்சுக்கோங்க அத்தை" என்றாள். கண்ணில் நீர் முட்டி நின்றது. கோபத்தில் வந்த நீர். உப்போடையில் எந்த வீட்டிலும் யாருக்கும் அவள் காட்டாத நீர்.

வடிவு அவளைத் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

"சும்மா கேட்டேன்ளா. போ, தண்ணி நின்னுரப் போகுது."

"எடுக்க மாட்டேன்" என்று முனகிக்கொண்டே பவுனு குடத்தைத் தேடிப் போனாள். போகிற வழியில் முறத்தைக் காலால் இடறிவிட்டு முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டாள்.

முத்துப்பேச்சி அரிசியைக் கூட்டி அள்ளிவிட்டு எழுந்து வந்தாள். "பிள்ளையைப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க? புத்தகத்துக்குன்னு நெனச்சேன். பேப்பர்க் கடை அண்ணாச்சி ஆள் விட்டுச் சொன்னாரு, ஒரு அம்மா புத்தகத்தைத் தேடி அலையுதுன்னு" என்று சொல்லி வீட்டுக்குள்ளே கையைக் காட்டினாள்.

உள்ளே ஒற்றை அறை. சுவரோரம் ஒரு பழைய இரும்பு பீரோ. அதன் ஒரு கால் கட்டையாகப் போய்விட்டதால், அந்தக் காலுக்கு அடியில் 'மாற்றுத் துணி' கிடந்தது. டீச்சர் போட்ட பழுப்பு அட்டை நைந்து, பீரோவின் பாரத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று அழுந்திப் பலகை மாதிரி ஆகியிருந்தன. யாரும் அதைத் திறந்திருக்க முடியாது. யாரும் படித்து முடித்திருக்கவும் முடியாது.

"வேணும்னா உருவி எடுத்துக்கிடுங்க. நான் ஒரு செங்கல்ல வச்சிக்கிடுதேன்" என்றாள் முத்துப்பேச்சி. அந்தப் புத்தகத்துக்கும் அந்தப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் யோசித்ததே இல்லை. "எனக்குப் படிக்கத் தெரியாது. அவருக்கு நேரமில்ல. கதை நல்லா இருக்குமாக்கா?"

வாசல் கல்லில் ஒரு செங்கல் கிடந்தது. அளவு சரியாகத்தான் இருக்கும். குனிந்து புத்தகத்தை உருவினால் போதும், பவுனு பின்னாலேயே வந்துவிடுவாள். வாங்கிய நாவல் ஒவ்வொன்றைப் பற்றியும் எழுந்து நின்று கருத்துச் சொன்ன வடிவு, இப்போது பீரோவின் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே குழாயடியில் பவுனு யாருடனோ தண்ணீர் பிடிக்கிற முறைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்மா" என்றாள் வடிவு. "எடுத்தா பீரோ ஆடும்."